ஆல்

பொது நூலகத்து மாடியில்
ஒரு காற்றாடி மட்டும் சுழலும் மூலையில்
சனிக்கிழமைகளில் இருந்தது எங்கள் ஆங்கிலம்.
ஒரே நிழற்பிரதித் தாள், பத்து ரூபாய்,
ஆளுக்கு ஐந்து.

அவள் சென் ருவோ. தகப்பன் துறைமுக நகரில்
பாரந்தூக்கி ஓட்டுகிறவர்.
நான் வெள்ளவத்தை. அம்மா பார்மசியில் காசாளர்.
இருவருக்கும் அந்த மொழி இரவல் குடை,
கம்பி முறிந்துவிடுமோ என்றுதான் விரிப்போம்.

‘த’ என்ற சொல்லை அவள் எங்குமே போடமாட்டாள்.
நான் எல்லா இடத்திலும் போடுவேன்,
கைதவறிய உப்பு.
நேற்று நான் போகிறேன் என்று எழுதிவிட்டு
நிம்மதியாக நகம் கடிப்பாள்.

அன்றைய பந்தி ஒரு படகைப் பற்றியது.
முதல் வரியிலேயே ஒரு மனிதன் வந்து நின்றான்.
அவனுக்குப் பின்னால் முட்டி மோதிக்கொண்டு
விற்றதும் படகும் தகப்பனும் கட்டியதும்.
விளங்கவில்லை.
கொப்பியைத் திறந்து
அவரவர் மொழிக்குக் கொண்டுபோனோம்.
நான் எழுதினேன்:
தகப்பன் கட்டிய படகை விற்ற மனிதன்.
அவள் தன் எழுத்துகளைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள்.
இது விற்ற, இது தகப்பன், இது கட்டிய, இது படகு,
கடைசிப் பெட்டிக்குள் மனிதன்.
உன்னுடையதிலுமா?
என்னுடையதிலும்!
ஆங்கிலம் ஆளை வாசலிலேயே காட்டிவிடுகிறது.
நாங்கள் இரண்டு பேரும்
அவனுடைய தகப்பனையும் படகையும் முதலில் இறக்கிவைத்து
கடைசியில்தான் அவனை உள்ளே விடுகிறோம்.
சிரித்த சத்தத்துக்கு
நூலகர் மேசையில் பேனாவால் இரண்டு தட்டு.

நாலாம் கேள்வி: ஏன் விற்றான்?
சொந்த வார்த்தைகளில் எழுதுக.
நான் எழுதினேன், காசு தேவைப்பட்டதால்.
அவள் எழுதினாள், படகு தினமும் அவனைக் கேட்டது.
ரியூசன் மிஸ் எனக்கு இரண்டு புள்ளி போட்டார்.
அவளுக்குச் சிவப்பில் ஒரு முட்டை,
பக்கத்தில், பந்தியில் இல்லை.

என்ன கேட்டது என்றேன்.
கைபேசி அகராதியில் தேடினாள், விட்டுவிட்டாள்.
எங்களிடம், என்றேன்,
காதால் கேட்பதும் வாயால் கேட்பதும் ஒரே சொல்.
சந்தேகமாகப் பார்த்தாள்.
அப்போது எது நடந்தது என்று எப்படித் தெரியும்?
அதுவரை நான் யோசித்ததில்லை.

வேணுஜா என்பதை மூன்று எழுத்தில் எழுதித் தந்தாள்.
நடு எழுத்துக்கு முயற்சி என்று பொருளாம்.
கணக்கில் இருபத்தெட்டு வாங்கிய வாரம் அது.
உன் பெயருக்கு?
பந்தியின் ஆறாம் வரியில்
ஒரு சின்னச் சொல்லின்கீழ் கோடு கீறினாள்.
இஃப்.
ருவோ என்பதை மேலிருந்து கீழே,
படியில் கால் தவறியதுபோல் சொல்லவேண்டும்.

தமிழில் எழுது என்றாள்.
பேனா மூடியைக் கழற்றியபடி இருந்தேன்.
எங்களிடம் அது தனியாக வராது ருவோ.
யாராவது வந்தால், பஸ் கிடைத்தால், அம்மா விட்டால்,
வினையின் வாலில் தொங்கிக்கொண்டு வரும்.
பிய்த்துத் தனியே எழுதினால், ஆல்.
அது மரம்.

எவ்வளவு பெரிய மரம்?
யன்னலுக்கு வெளியே பூங்காவில் தேடினேன்,
அகப்படவில்லை.
கையை விரித்தேன், போதவில்லை.
விழுதுக்கு ஆங்கிலம் எனக்குத் தெரியாது.
மேலேயிருந்து வேர் கீழே வருகிறது என்று
எப்படியோ சொல்லி முடித்தேன்.
பந்தியில் இல்லை, என்றாள் ருவோ,
மிஸ்ஸின் குரலில்.

சோதினை மண்டபம். இடைவெளி நிரப்புக.
முதல் சொல்லே அவள்.
இருநூறு தலைகள் குனிந்திருக்க
அந்தப் பெயரை மனசுக்குள் ஒருதரம்
சரியான தொனியில் விழுத்திப் பார்த்தேன்.
காற்புள்ளிக்கு அப்பால் என்ன எழுதினேனோ,
ஏதோ ஒரு வினை.

வெளியே வந்தபோது மழை.
விட்டால் போகலாம்,
விட்டால் போகலாம் என்று
வாசலில் ஒதுங்கிய அத்தனை பேரும்
அவளைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.